தொண்ணூற்றாறு வரை

முதல் விராலுக்குக் கரண்ட் போதவில்லை.
கத்தி செவுளுக்குள் போன பிறகு விழித்துக்கொண்டது.
ஞானபுஷ்பம் கத்தியைப் போட்டுவிட்டு
கன்னடியன் கால்வாய் வரைக்கும் நடந்துபோனாள்.
நான் டெஸ்டரைப் பிடித்தபடி நின்றேன்.
வீரவநல்லூரில் பதினெட்டு வருசமாக
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
எரிந்து நின்றதை ஓட வைப்பது என் தொழில்.
இது எதிர்த்திசை.

முன்பெல்லாம் ஐஸ் தொட்டியில்தான் கொட்டுவாள்.
தூங்கிவிடும் என்று லாரிக்காரன் சொல்லியிருந்தான்.
ஒருநாள் அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.
"தூங்கலண்ணே. அசைய முடியல, அவ்வளவுதான்.
மூடியத் தொறக்கும்போதெல்லாம் கண்ணு பாக்குது."
அதிலும் விரால், காற்றைக் குடித்தே பிழைக்கிறது.
சாம்பலில் புரட்டு, உப்பைக் கொட்டு,
தலை தனியே கிடந்து வாய் திறந்து மூடும்.
சாகத் தெரியாத சென்மம் என்பார்கள் சந்தையில்.
தெரியாமல் இல்லை.
நேரம் எடுக்கிறது.

பெட்டி நீலப் பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் ஸ்டீல் தகடு.
மூடி பொருந்தினால்தான் சுவிட்ச் பிடிக்கும்;
அதற்கே எனக்கு இரண்டு ராத்திரி.
தாமிரபரணித் தண்ணீர் ரொம்பத் தெளிவு,
கரண்ட் அதில் கால் வைக்க யோசித்தது.
ஒரு பிடி தூத்துக்குடி உப்புப் போட்டேன்.
நடந்தது.

ராத்திரி இன்வெர்ட்டரோடு ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு
நானும் ஒருதடவை வயர் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.
மறுநாள் படித்துறை ஓரம்
விரல்நீளக் குஞ்சுகள்வரை வயிறு வெளுத்து மிதந்தன.
அதே கரண்ட்.
ஞானபுஷ்பத்திடம் இதைச் சொல்லவில்லை.

மயங்கியதா என்று பார்க்க
மீன்வளம் படித்த பையன் ஒருவன் வழி சொன்னான்.
மீனைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும்.
விழிப்பு இருந்தால் உடம்பு சாயும், கண் சாயாது.
தண்ணீர் மட்டம் எது என்று தேடுவதுபோல
உருண்டு, நேராகி, நிற்கும்.
மயங்கிய மீனில் கண்ணும் கூடவே சாய்ந்துவிடும்.
நாற்பது சாய்த்தேன்.
முப்பத்தொன்பதில் கண் எதையும் தேடவில்லை.
நாற்பதாவதைத் திரும்பப் பெட்டிக்குள் விட்டேன்.

போன தையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எனக்குக் குடலிறக்க ஆபரேஷன்.
நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னாள் டாக்டரம்மா.
தொண்ணூற்றாறு வரை ஞாபகம்.
அப்புறம் யாரோ என்னைத் திறந்து, மூடி, தைத்திருக்கிறார்கள்.
தொண்ணூற்றைந்து எங்கே போயிற்று?
தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை முக்கூடலில் கடை போட்டாள்.
வாழையிலையில் விரால்கள் வரிசையாக, சாதுவாக.
"என்னம்மா, செத்ததக் கொண்டாந்திருக்கிய?"
"இப்பதான் அறுத்தது, செவுளப் பாருங்க அண்ணாச்சி. ரத்தச் செவப்பு."
"துடிக்கலியே."
பத்து மணிக்கு விலை பாதி.
பதினொன்றுக்கு ஒரு சருவத்தில்
உயிர் விரால் ஒன்றை விட்டு முன்னால் நகர்த்தினாள்.
அது துள்ளித் தண்ணீரை என் சட்டையில் அடித்தது.
சனம் கூடிவிட்டது.
"ஒண்ணு துள்ளட்டும்ணே" என்றாள்,
என் முகத்தைப் பார்க்காமல்,
சில்லறை எண்ணிக்கொண்டே.

பொழுதடைய, பண்ணையில், அது மட்டும் மிச்சம்.
எடுத்துச் சாய்த்தேன்.
கண் உருண்டு நேராக நின்றது.
பெட்டிக்குள் விட்டு மூடியை அழுத்தினேன்.
நூறு,
தொண்ணூற்றொன்பது,
எண்ணியது என் வாய்தான்.
அது நூறைத் தாண்டியிருக்காது.

எனக்குப் பாக்கி ஆயிரத்து இருநூறு.
அடுத்த வாரம் தருவதாகச் சொல்லி
அந்த விராலை அறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.
வீட்டில் பையைப் பிரித்த என் மனைவி
விரலால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தாள்.
"புதுசுதானா?
அசைவக் காணுமே."